வீட்டில் வேறு யார்?

மகன் தன் அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் போனில் படம் பிடித்து, முகம் தெரியாத யாருக்கோ அனுப்பியதைக் கண்ட நாளிலிருந்து மீனம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆருக்கடா அனுப்பினனீ?"

"சோதினை நடத்துற கொம்பனிக்கு அம்மா. எழுதுறது நான்தான் எண்டு அவைக்குத் தெரிய வேணுமல்லோ."

"அவை எங்க இருக்கினம்?"

"அமெரிக்காவில. இந்தியாவிலயும் கந்தோர் இருக்கு."

"அமெரிக்காக்காரனுக்குத் தர்மபுரத்தில கிடக்கிற உன்ர அட்டை என்னத்துக்கு?"

நிஷாந்தன் சிரித்தான். மீனம்மா சிரிக்கவில்லை. அட்டை என்பது அவளுக்குச் சிரிக்கிற பொருள் அல்ல. தேயிலை மலையில் உழைத்து உழைத்துத் தேய்ந்த அவளுடைய தகப்பனிடம் அட்டை இல்லை. நாடற்றவன் என்று நாடே கூடிச் சொன்னது. கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்தபோது, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இந்த வன்னிக் காட்டு ஓரத்துக்கு வந்து சேர்ந்தார். அட்டை இல்லாததால் ஒரு தலைமுறை துரத்தப்பட்டது. அட்டை கிடைத்ததால் அடுத்த தலைமுறை சோதனைச் சாவடிதோறும் இறக்கி நிறுத்தப்பட்டது. இல்லையென்றாலும் குற்றம், இருந்தாலும் குற்றம் என்றாகிவிட்ட ஒரு துண்டை, கேட்டவனுக்கெல்லாம் படம் பிடித்து அனுப்புகிறானே இந்தப் பிள்ளை! அவள் நெஞ்சு பதறாமல் என்ன செய்யும்?

நிஷாந்தன் பரந்தன் சந்திக்கு அருகே யோகநாதனின் வேலைத்தளத்தில் இரும்பு ஒட்டுகிறவன். கேற், யன்னல் கம்பி, உழவு இயந்திரப் பெட்டி என்று எது வந்தாலும் அவன் கைக்குத்தான் வரும். வவுனியாவில் மூடப்பட்ட ஒரு வேலைத்தளத்திலிருந்து, கணினியால் ஓடுகிற தகடு வெட்டும் இயந்திரம் ஒன்றை யோகநாதன் ஒருநாள் ஏற்றிவந்தார். இயந்திரம் வந்தது, அதை ஓட்டத் தெரிந்த ஆள் வரவில்லை. நிஷாந்தன் அதன் முன்னால் குந்தினான். எந்த இலக்கத்தை மாற்றினால் சுவாலை எந்தப் பக்கம் திரும்பும் என்று பழந்தகடுகளைக் கெடுத்துக் கெடுத்துப் பழகினான். கேற்றுக்கு மயில் கேட்ட ஒருவருக்கு முதலில் மூன்று கால் மயில் வந்தது. "இது என்னடாப்பா, முக்காலியில தோகை விரிச்சிருக்கு?" என்று யோகநாதன் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த தகட்டில் மயில் சரியாக இறங்கியது. இரும்பை அசைப்பது தன் தோள் அல்ல, தான் எழுதிய வரிகள் என்பதை அன்று கண்டான். அன்று பற்றிய நெருப்பு அணையவே இல்லை. வேலை முடிந்து வந்து, காதில் இரண்டு குமிழ்களைச் செருகிக்கொண்டு, மடிக்கணினியில் நிரல் எழுதப் படித்தான்.

கிளிநொச்சியில் ஒரு மாடியில் சிறிய மென்பொருள் கொம்பனி நடத்துகிற பிரதாபன் அவன் எழுதியவற்றைப் பார்த்தான். ஒளிக்காமல் சொன்னான்: "வேலை உனக்குத் தெரியும், எனக்கு அது விளங்குது. ஆனா வெளிநாட்டுக்காரன் என்னை நம்பி வேலை தாறதில்லை, சேர்டிபிக்கற்றை நம்பித்தான் தாறான். அதோட வா, உனக்கு ஒரு கதிரை இருக்கு. சோதினைக்குக் கொம்பனி ஒருக்காத்தான் பதியும். பிழைச்சா அந்தக் கதிரை அடுத்தவனுக்கு."

சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் மீனம்மாவின் சந்தேகம் இரட்டித்தது. போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பிய மக்களுக்கு இந்த நாட்டில் தட்டுப்பாடின்றிக் கிடைத்த ஒரே பண்டம் சான்றிதழ்தான். கோழி வளர்ப்புக்கு ஒன்று, காளான் செய்கைக்கு ஒன்று, சவர்க்காரம் காய்ச்ச ஒன்று, தலைமைத்துவத்துக்கு ஒன்று! கூரை கேட்டவளுக்குத் தலைமைத்துவம் கொடுத்தார்கள். பளபளக்கும் உறையிட்டுக் கையில் தந்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, வெள்ளை வாகனத்தில் ஏறிப் போனார்கள். கோழி செத்தது, காளான் முளைக்கவில்லை. சான்றிதழ்கள் மட்டும் அலுமாரிக்கு மேலே பைக்குள் கிடந்து, பல்லி முட்டையிட இடம் கொடுத்தன.

ஆனாலும் அவளை வாட்டிய பயம் இதுவல்ல.

மீனம்மாவுக்கு இன்னொரு மகன் இருந்தான். ரூபன், மூத்தவன். போர் ஓய்ந்த காலத்தில் ஒரு மதியம், மரியாதையான உடுப்போடு இருவர் வந்து வாசல் படலையில் நின்றார்கள். நம் ஊர்த் தமிழ் அல்லாத ஒரு தமிழில், "அம்மா, மகன் இருக்கிறாரா? சின்ன விசாரணை" என்றார்கள். பொய் சொல்லிப் பழகாத மீனம்மா, "ஓம், உள்ளுக்குச் சாப்பிடுறான்" என்றாள். சாப்பிட்ட கை கழுவ விட்டார்கள். கூட்டிப் போனார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு சட்டம் வகுத்துக்கொண்டாள்: மகனைக் கேட்டு எவன் வந்தாலும், எந்த மொழியில் கேட்டாலும், வீட்டில் ஒருவரும் இல்லை. கிராம சேவகர் வந்தாலும் இல்லை. கலியாணத் தரகர் வந்தாலும் இல்லை. ஒருமுறை, கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த நிஷாந்தனைப் பார்க்க வந்த யோகநாதனையே "அவன் வவுனியாவுக்குப் போட்டான்" என்று திருப்பி அனுப்பினாள்.

அவளுடைய பயத்துக்கு வேலிக்கு அப்பாலிருந்து நெய் ஊற்றியவள் கமலாட்சி.

"மீனம்மாக்கா, உங்கட பெடியன் தனிய இருந்து ஆரோட கதைக்கிறவன்? இங்கிலீசில கதை கேக்குது."

"படிக்கிறான்."

"படிப்பெண்டா வாத்தியார் வேணும், பள்ளிக்கூடம் வேணும். ஆளைக் காணாமல் என்ன படிப்பு? எதுக்கும் கவனம் அக்கா. நேற்று ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளில ஒழுங்கையால போனவங்கள். உங்கட வீட்டைப் பாத்த மாதிரிக் கிடந்துது."

அந்த இருவரும் மின்மானி வாசிக்க வந்தவர்களாகவும் இருக்கலாம். அப்படி நினைக்கிற வசதி மீனம்மாவுக்கு இல்லை.

பரீட்சை நாள் வந்தது. ஞாயிறு காலை. வீட்டிலிருந்தபடியே எழுதலாம், மேற்பார்வையாளர் எங்கோ இருந்து கமெராவால் பார்த்துக்கொண்டிருப்பார். நிஷாந்தன் தாயிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் கதவைப் பூட்டிப்போட்டு எழுதப் போறன். வெளியில வரும்வரைக்கும் ஒருத்தரும் கதைக்கக் கூடாது." இன்னொன்றை அவன் சொல்லவில்லை. பரீட்சைக்கு முன் அறை முழுவதையும் கமெராவில் சுற்றிக் காட்டச் சொல்வார்கள் என்பதை அவன் முன்பே வாசித்திருந்தான். சொன்னால் அம்மா மடிக்கணினியையே கிணற்றில் போட்டுவிடுவா என்று அஞ்சி, மறைத்துவிட்டான்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு அது. நடுச்சுவர்கள் கூரையை முட்டாது. குசினியில் கடுகு வெடித்தால் அறையில் கேட்கும். காதில் எதையும் மாட்டக் கூடாது என்பது பரீட்சை விதி. ஆகவே, இதுவரை நிஷாந்தனின் காதுக்குள் மட்டும் பேசிவந்த உலகம், அன்று வீடு முழுவதும் கேட்கப் பேசியது.

முதலில், மேற்பார்வையாளர் ஒருவரின் ஆங்கிலம். மீனம்மா குசினியில் உலைக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நிஷாந்தனின் ஆங்கிலம் எழுதுகையில் ஓடும், பேசுகையில் நொண்டும். அது நொண்டத் தொடங்கியதும் அந்த ஆண் குரல் சட்டென்று மாறியது.

"சார், நீங்க தமிழா? அப்போ தமிழ்லயே சொல்லிடறேன். கேமராவைச் சுத்திக் காட்டுங்க. நாலு சுவரும் வேணும்."

மீனம்மாவின் கை அரிசிக்குள் நின்றது. தமிழ். ஆனால் நம் ஊர்த் தமிழ் அல்ல.

"கதவுக்குப் பின்னாடி காட்டுங்க. கட்டிலுக்குக் கீழ காட்டுங்க. மேசையில இருக்கிற துணியைத் தூக்குங்க. அலமாரியைத் திறங்க."

கதவுக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள்! பரீட்சைக்குக் கட்டிலுக்குக் கீழே என்ன வேலை? துவக்கும் சப்பாத்துமாக வீடு புகுந்தவர்கள் இதே வரிசையில்தான் தேடினார்கள். இப்போது சப்பாத்தும் வேண்டாமாம், படலை திறக்கவும் வேண்டாமாம். என் பிள்ளை கையாலேயே என் வீட்டைச் சோதிக்கிறானே பாவி! அவள் எழுந்துவிட்டாள்.

"உங்க ஐடி கார்டை முகத்துக்குப் பக்கத்தில பிடிங்க. நிஷாந்தன், சரி. வீட்ல வேற யாரு இருக்காங்க?"

நிஷாந்தன் வாய் திறக்குமுன், சுவருக்கு மேலால் மீனம்மாவின் குரல் பாய்ந்தது.

"ஒருத்தரும் இல்லை ஐயா! நிஷாந்தன் இஞ்ச இல்லை! அவன் வவுனியாவுக்குப் போய்க் கன நாளாச்சு!"

அறைக்குள் நிஷாந்தனின் கதிரை தரையில் கிரீச்சிட்டது.

"சார், பேசுறது யாரு?"

"அது… அம்மா."

"நிஷாந்தன் வீட்ல இல்லைன்னு அவங்க சொல்றாங்க. அப்போ நீங்க யாரு?"

"நான்தான் நிஷாந்தன்! அம்மா, சும்மா இருங்கோ!"

"அது பக்கத்து வீட்டுப் பெடியன் ஐயா!" மீனம்மா விடவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அந்தப் பெட்டியைத் திருத்த வந்தவன்! அவனுக்கு ஒண்டும் தெரியாது, அவனை விட்டிடுங்கோ!"

மகனைக் காப்பாற்றவென்று பெற்ற தாய் சொன்ன சாட்சியம், மகனுக்கு எதிரான சாட்சியமாக அந்த நொடியே பதிவாயிற்று. ஆள்மாறாட்டச் சந்தேகம், பரீட்சை நிறுத்தப்படுகிறது, விசாரணை முடியும்வரை கணக்கு முடக்கப்படுகிறது. ஒரு கேள்வியைக்கூட நிஷாந்தன் கண்ணால் காணவில்லை.

அவன் கதவைத் திறந்தபோது, மீனம்மா பின்கதவை அகலத் திறந்து பிடித்தபடி நின்றாள்.

"நிக்காதை, ஓடு! வாய்க்கால் கரையால போ. நான் சமாளிக்கிறன்."

"அம்மா… அவன் சென்னையில இருக்கிறான்."

"சென்னையில இருந்து ஆக்களை அனுப்ப ஏலாதோ?"

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கதவோரம் குந்தி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

அறிவிலி, பட்டிக்காட்டுக்காரி, பெற்ற பிள்ளையின் வாழ்வைக் கெடுத்தவள் என்று அவளைப் பழிக்க எவருக்கேனும் நா எழுமானால், அவர்கள் ஒன்றுக்கு விடை சொல்லட்டும். உண்மை சொன்ன அன்று அவளுக்குக் கிடைத்தது என்ன? "உள்ளுக்குச் சாப்பிடுறான்" என்று மனச்சாட்சிப்படி மொழிந்த நாவுக்கு நீங்கள் கொடுத்த பரிசு என்ன? ஒரு தாயின் உண்மையை ஆயுதமாக்கி அவள் பிள்ளையையே பறித்துவிட்டு, பிறகு அவள் பொய் சொல்கிறாள் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நீதி? சந்தேகம் அவள் பிறவிக்குணம் அல்ல. அது அவளுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். அந்த ஒரு பாடத்துக்குத்தான் எவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

மறுநாள் நிஷாந்தன் பழையபடி வேலைத்தளத்துக்குப் போனான். செய்தி அவனுக்கு முன்பே பரந்தன் சந்திக்குப் போயிருந்தது.

"என்னடாப்பா," என்றார் யோகநாதன், "நீ நீயில்லை எண்டு உன்ர அம்மாவே சொல்லிப்போட்டாவாம்? அப்ப இஞ்ச நிக்கிறது ஆர்? உன்ர கூலியை நான் ஆரிட்டக் குடுக்கிறது?"

நிஷாந்தன் முகக்கவசத்தை இழுத்து மூடிக்கொண்டு, ஒட்டத் தொடங்கினான். அந்த ஒட்டு கோணலாய் ஓடுவதைக் கண்ட யோகநாதன் அத்தோடு பகிடியை நிறுத்தினார். "சரி, தேத்தண்ணியைக் குடி முதல்ல" என்று தானே கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார்.

சில நாட்களின் பின் பிரதாபன் தர்மபுரத்துக்கே வந்தான். படலையில் மோட்டச்சைக்கிள் நின்ற சத்தத்துக்கே மீனம்மா முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

"ஆர் நீங்கள்?"

"பிரதாபன், அன்ரி. நிஷாந்தன் நிக்கிறானோ?"

"உங்களை ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. நான் அவனுக்கு வேலை குடுக்கிறன் எண்ட ஆள்."

உள்ளே இருந்த நிஷாந்தன் தானே வெளியே வந்ததால், மீனம்மாவின் வழக்கமான பதில் தொண்டையோடு நின்றது. பிரதாபன் கதிரையில் இருந்து விசயத்தை நேராகச் சொன்னான். மேன்முறையீடு செய்தாயிற்று. பரீட்சைக் கொம்பனி ஒரு வழி திறந்திருக்கிறது: அம்மா காணொளி அழைப்பில் வர வேண்டும், தன் அட்டையைக் காட்ட வேண்டும், இவன்தான் தன் மகன் நிஷாந்தன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவன் பெயர் நிரந்தரமாகத் தடை செய்யப்படும். "அதுக்குப் பிறகு நான் நினைச்சாலும் ஒண்டும் செய்யேலாது அன்ரி. கதிரையை வச்சுக்கொண்டு காத்திருக்கவும் ஏலாது."

"என்ர அட்டையுமோ?" என்றாள் மீனம்மா. "பிள்ளையின்ரயை வாங்கினாங்கள். இப்ப தாயின்ரயுமோ?"

பிரதாபன் நிஷாந்தனைப் பார்த்தான். நிஷாந்தன் தரையைப் பார்த்தான்.

"விருப்பமில்லையெண்டா விடுங்கோ அம்மா. நான் உங்களில கோவப்படேல்லை. அறையைக் காட்டச் சொல்லுவாங்கள் எண்டு எனக்கு முதலே தெரியும். உங்களுக்குச் சொல்லேல்லை. நீங்கள் அவங்களை நம்பேல்லை, நான் உங்களை நம்பேல்லை. பிழை என்னிலயும்தான்."

மீனம்மா படலை வரை போய் ஒழுங்கையைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, "கதைக்கிறன்," என்றாள். "ஆனா முதல் கேள்வி நான்தான் கேப்பன்."

அழைப்பு நடந்த அன்று மேசை முன் இரண்டு கதிரைகள் போட்டார்கள். திரையில் கண்ணாடி அணிந்த ஓர் இளம்பெண் தோன்றினாள். கழுத்தில் பட்டியில் தொங்கும் அட்டை, பின்னால் வெண்சுவர்.

"வணக்கம்மா. உங்க பேரு சொல்லுங்க."

"உங்கட பேர் என்ன, பிள்ளை?"

அந்தப் பெண் தடுமாறினாள். "ஹேமலதா."

"எங்க இருந்து கதைக்கிறியள்?"

"சென்னைம்மா. ஆபீஸ்ல இருந்து."

"அதை நான் எப்பிடி நம்புறது? அண்டைக்கு என்ர வீட்டில கட்டிலுக்குக் கீழயும் பாத்தனியள். உங்கட இடத்தையும் காட்டுங்கோ. கதவுக்குப் பின்னால ஆர் நிக்கிறது எண்டு எனக்கும் தெரிய வேணும்."

நிஷாந்தன் கண்களை மூடிக்கொண்டான். முடிந்தது, கிடைத்த வழியும் அடைபட்டது என்று நினைத்தான். ஹேமலதாவின் முகத்தில் கண்டிப்பு ஒன்று எழுந்தது. "அம்மா, எங்க விதியில…" என்று தொடங்கினாள். மீனம்மாவின் கண்கள் இமைக்கவில்லை. என்ன நினைத்தாளோ, அந்தப் பெண் பேச்சை நிறுத்தி, கணினியைத் தூக்கி மெல்லச் சுற்றினாள். வரிசை வரிசையாய் மேசைகள். வாய் திறந்தபடி கொட்டாவி விடுகிற ஒரு பையன். யன்னலில் காயப்போட்ட குடை. மூலையில் தண்ணீர்ப் போத்தல். கதவுக்குப் பின்னால் ஒரு துடைப்பம் மட்டும் நின்றது.

"போதுமாம்மா?"

மீனம்மா தன் அட்டையை எடுத்துத் திரைமுன் பிடித்தாள். பெருவிரல் இலக்கத்தை மறைத்திருந்தது.

"விரலை எடுக்கணும்மா."

விரல் அசையவில்லை.

"நான் ஓம் எண்டு சொன்னா," என்றாள் மீனம்மா, "இவனை எங்க கொண்டு போவியள்?"

ஹேமலதாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. விளங்குவதுதான் எப்படி? பக்கத்தில் இருந்த நிஷாந்தனுக்கு விளங்கியது. அவன் தாயின் பக்கம் திரும்பினான். கேள்வியின் பொருள் எட்டாவிட்டாலும் அதன் நடுக்கம் எட்டியிருக்க வேண்டும். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு விடை சொன்னாள்.

"எங்கயும் கொண்டு போக மாட்டோம்மா. பரீட்சை எழுத விடுவோம். அவரு உங்க வீட்லயேதான் இருப்பாரு."

விரல் விலகியது.

"இவன் நிஷாந்தன். நான் பெத்த பிள்ளை. அண்டைக்கு நான் சொன்னது பொய்." இவ்வளவும் சொல்லிவிட்டு, மீனம்மா எழுந்து குசினிக்குப் போய், உண்மை சொன்ன வாயைக் கொப்பளித்தாள்.

அன்று பொழுது சாயுமுன்னே, மாற்றுடுப்பாக இரண்டு சேட்டும் ஒரு சாரமும் பையில் வைத்து மகன் கையில் கொடுத்தாள். "முரசுமோட்டையில சித்தி வீட்டில போய் நில்லு. நான் வரச் சொல்லும்வரைக்கும் வராதை." வேறொரு நாளாயிருந்தால் நிஷாந்தன் வாதாடியிருப்பான். இன்று அவள் எவ்வளவு பெரிய துணிகரத்தைச் செய்துவிட்டு நிற்கிறாள் என்பதை அறிந்தவனாய், சைக்கிளில் மடிக்கணினியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். மீனம்மா ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை. அவள் வரச் சொல்லுமுன், பரீட்சைக்கு அனுமதி வந்தது.

மறுமுறை, நிஷாந்தன் வீடு திரும்பி அறையைச் சுற்றிக் காட்டியபோது மீனம்மாவும் கூட நின்றாள். கட்டிலுக்குக் கீழே வெளிச்சம் போதாதென்று தானே ரோர்ச் பிடித்தாள். "வீட்ல வேற யாரு?" என்ற கேள்விக்கு, "நான் இருக்கிறன், இப்ப வெளியில போறன்" என்று பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு, அவன் வெளியே வரும்வரை படலைக்கு நேரே இருந்தாள்.

நிஷாந்தன் தேறினான். பிரதாபன் சொன்ன கதிரையும் கிடைத்தது. யோகநாதன், "இனி மயிலுக்கு மூண்டு கால் வந்தா நான் ஆரைப் பிடிக்கிறது?" என்று கேட்டு அவன் முதுகில் தட்டி விடைகொடுத்தார்.

வேலைக்குச் சேர்ந்த வாரம், உடுப்புக் காயப்போட வந்த கமலாட்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"மீனம்மாக்கா! மகன் சோதினையில பாசாம், கிளிநொச்சியில பெரிய வேலையாம். சந்தோசம் அக்கா!"

மீனம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"